முதலில் அந்தப் பச்சை ஃப்யூஸைக் கழற்றுங்கள்

கேள்வி: மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது ஏழு வருடப் பெட்ரோல் கார். 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, மூன்று வருடம் ஆகிறது. ஃபாக் லைட் கம்பெனியிலிருந்தே வந்தது. மார்கழிப் பனியில் விடியற்காலை கும்பகோணம் மார்க்கெட்டுக்குப் போக வெளிச்சம் போதவில்லை என்று, பழைய பல்பை எடுத்துவிட்டு மூன்று கலர் எல்இடி பல்பு போட்டேன். கடைக்காரர் பேட்டரியிலிருந்து தனியாக ரிலே (சுவிட்சின் சிறு மின்சாரத்தால் விளக்குக்கான பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் டப்பா) ஒயரிங் இழுத்து, டேஷ்போர்டில் தனி சுவிட்சும் வைத்துக் கொடுத்தார். பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு வாய்க்கால் கரை ரோட்டில் குலுங்கும்போதெல்லாம் ஃப்யூஸ் போக ஆரம்பித்தது. மூன்றாவது முறை உள்ளூர் எலக்ட்ரீஷியன் 15-க்குப் பதில் 30 போட்டார். அதன் பிறகு போகவில்லை. ஆனால் இடது பக்கம் மஞ்சளும் வலது பக்கம் வெள்ளையுமாக எரிகிறது, சில நேரம் இடது மினுக்குகிறது. ஃபாக் லைட் போட்டால் காரைக்கால் பண்பலை இரைகிறது. இதற்கு நடுவில், இரண்டாவது முறை ஃப்யூஸ் போன அன்று வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ரயிலில் சென்னை போனேன். நான்கு நாள் கழித்து வந்தால் செல்ஃப் சுற்றவே இல்லை. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: மற்றதை எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் பானெட்டைத் திறந்து அந்த 30 ஆம்பியர் ஃப்யூஸைக் கழற்றி எடுங்கள். பிளேடு ஃப்யூஸில் 30 என்பது பச்சை, 15 நீலம், 10 சிவப்பு. பச்சை இருக்கும் வரை அந்த ஃபாக் லைட்டைப் போடவே வேண்டாம்.

ஃப்யூஸ் வைப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பாக்கெட்டில் விற்கும் ரிலே ஒயரிங்கில் பலவற்றில் வெளித்தோல்தான் தடிமனாக இருக்கும். உள்ளே செம்பு அரை அல்லது முக்கால் சதுர மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அந்த ஒயரில் தொடர்ந்து 15 ஆம்பியருக்கு மேல் ஓடினால் தோல் இளகும். 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால் ஃப்யூஸுக்கு முந்திக்கொண்டு ஒயர் உருகும். உருகும் இடம் ரேடியேட்டருக்கு முன்னால், பம்பருக்குள். ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப்போடும் ஊர் நம்முடையது. அறுவடைக் காலத்தில் எந்த வண்டியின் பம்பருக்குள் கையை விட்டாலும் ஒரு பிடி கூளமாவது வரும். அதன் மேல் சூடான ஒயர் படுத்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

'30 போட்ட பிறகு போகவில்லை' என்பது கோளாறு சரியானதற்கு அடையாளம் இல்லை. தோல் தேய்ந்த ஒயர், வண்டி குலுங்கும்போது கண் இமைக்கும் நேரம் பாடியில் பட்டு விலகுகிறது. அந்த ஒரு நொடித் துணுக்கில் 15 உருகிவிடும், 30 தாங்கிக்கொள்ளும். படுவது நின்றுவிடவில்லை, உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அது ஓவர்லோடு இல்லை, ஷார்ட்தான் என்று எப்படிச் சொல்கிறேன்? அட்டைப்பெட்டியில் 120 வாட், 150 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். அந்த அளவுள்ள எல்இடி பல்பு நிஜமாகவே 120 வாட் இழுத்தால், பின்னால் இருக்கும் விரல் அளவு அலுமினியத்தால் அந்தச் சூட்டை வெளியேற்றவே முடியாது. இந்த ரகப் பல்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கு 20 முதல் 30 வாட் வரைதான் எடுக்கும். இரண்டும் சேர்ந்து 4 அல்லது 5 ஆம்பியர். அந்தச் சுமைக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ் போகவே கூடாது. போனால் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது என்றுதான் அர்த்தம். தூக்கிப் போட்ட பழைய ஃப்யூஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பகுதி கருகிப் புகை படிந்திருந்தால் ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் மெதுவாக இளகி அறுந்திருந்தால் ஓவர்லோடு. கம்பி முழுசாக இருந்து பிளாஸ்டிக் மட்டும் பழுப்பேறிக் கோணியிருந்தால் ஃப்யூஸ் ஹோல்டரில் பிடிப்பு லூஸ். அது தனி நோய்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் விடை அதில்தான் இருக்கிறது. பல்பைப் பிடுங்க வேண்டாம். அந்த ரிலே ஒயரிங்கை மட்டும் முழுதாகப் பிடுங்கிவிடுங்கள். உங்கள் வண்டிக்கு அது தேவையே இல்லை. கம்பெனி ஒயரிங் பழைய ஹாலஜன் பல்புக்காகப் போடப்பட்டது. பழைய பல்பின் அடிப்பாகத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: ஹெச்11 என்றால் ஒன்றுக்கு 55 வாட், ஹெச்8 என்றால் 35 வாட். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். அதைச் சுமந்த ஒயர், சுவிட்ச், ஃப்யூஸ் எல்லாமே எல்இடியின் 2 ஆம்பியரைத் தாராளமாகச் சுமக்கும். ஹெச்16 போட்ட வண்டியாக இருந்தால் மட்டும் கவனம்: அது 19 வாட்தான். அங்கே எல்இடி அதைவிட அதிகம் எடுக்கக்கூடும். அளந்து பார்த்த பிறகே கம்பெனி ஒயரில் மாட்ட வேண்டும்.

ரிலே தேவைப்படுவது இரண்டு இடத்தில்தான். ஃபாக் லைட்டே இல்லாமல் வந்த வண்டிக்குப் புதிதாகப் போடும்போது. அல்லது கம்பெனி கொடுத்ததைவிட அதிக வாட் போடும்போது. எல்இடி போட்டாலே ரிலே வேண்டும் என்ற பழக்கம், 100 வாட் ஹாலஜன் போட்ட காலத்திலிருந்து தொற்றிக்கொண்டு வருவது. இரண்டு 100 வாட் பல்புக்கு 16, 17 ஆம்பியர் ஆகும். அதற்கு ரிலே கட்டாயம். உங்களுக்கு இல்லை.

இனி பேட்டரி. உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: ஃப்யூஸ் போன அன்று வண்டியை 'அப்படியே' நிறுத்திவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது டேஷ்போர்டு சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது? பெரும்பாலும் ஆன் பக்கம்தான் இருந்திருக்கும். விளக்குதான் எரியவில்லையே, யாரும் அணைக்க நினைக்க மாட்டார்கள். தனி சுவிட்ச் வைப்பவர்கள் பலர் அதற்கு மின்சாரத்தைச் சாவி போட்டால் வரும் லைனிலிருந்து எடுக்காமல், எப்போதும் உயிரோடிருக்கும் லைனிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் விளக்குக்குப் போகும் ஃப்யூஸ் போயிருந்தாலும் ரிலேயின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) மட்டும் இரவும் பகலும் இழுத்துப் பிடித்தபடி இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிலே காயில் 70, 80 ஓம் இருக்கும். 12 வோல்ட்டில் சுமார் 0.16 ஆம்பியர். சுவிட்சின் குட்டி விளக்கையும் சேர்த்து 0.18 என்று வையுங்கள். நான்கு நாள் என்றால் 96 மணி: 17 ஆம்பியர்-மணி. வண்டியின் கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கும்போதும் எடுப்பது 0.04 என்றால் அது ஒரு 4. ஆக 21. மூன்று வயதான 35 ஏ.எச். பேட்டரி, அதுவும் கிட்டத்து ஓட்டங்களால் எப்போதும் நிறையாமல் இருப்பது, இதற்கு மேல் செல்ஃபை எப்படிச் சுற்றும்? பேட்டரி செத்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸைப் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, ஃபாக் சுவிட்சைத் தட்டுங்கள். ரிலே மேல் விரலை வைத்தால் 'டக்' என்று துடிப்பது தெரியும். சாவி இல்லாமலே துடித்தால் நான் சொன்னதுதான். பார்த்ததும் அந்த ஃப்யூஸையும் கழற்றிவிடுங்கள்.

அதன் பிறகும் சந்தேகம் மிச்சமிருந்தால் கசிவை அளந்துவிடுங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றி 3, 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்து அரை மணி ஓட்டியது சார்ஜ் ஆகாது. காலியான ஈயப் பேட்டரியைக் காலியாகவே வைத்திருந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு நிஜமாகவே செத்துவிடும். ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். சார்ஜ் ஏறியபின் ஓர் இரவு சும்மா வைத்து மறுநாள் மல்டிமீட்டரால் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே தானாக இறங்கியிருந்தால் பேட்டரியில் செல் போயிருக்கிறது, அப்போது மாற்றலாம். நிறைந்த பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்: 9.6-க்குக் கீழே விழாமல் இருந்தால் இன்னும் உழைக்கும்.

கசிவை அளக்க, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவுக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். கதவுப் பூட்டை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ரிமோட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் உடனே தூங்காது. ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் ஒன்று, இரண்டு ஆம்பியர்கூடக் காட்டிப் பயமுறுத்தும். அடங்கியபின் 0.05-க்குள் இருந்தால் வண்டியில் குறை இல்லை. மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவி போடவோ கதவைத் திறக்கவோ கூடாது. மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். செல்ஃப் அடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இடது மஞ்சள், வலது வெள்ளை. மூன்று கலர் பல்பு நிறத்தை மாற்றுவதற்குத் தனி ஒயர் எதுவும் கிடையாது. மின்சாரம் அறுந்து சில நொடிக்குள் மறுபடி வந்தால் அடுத்த நிறத்துக்குப் போ என்பதுதான் அதற்குள் இருக்கும் ஏற்பாடு. நீங்கள் சுவிட்சை அணைத்துப் போடும்போது இரண்டும் சேர்ந்து மாறுகின்றன. ஒன்று மட்டும் மாறினால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் நீங்கள் தொடாமலே மின்சாரம் அறுந்து வந்திருக்கிறது. பல்பு பழுது என்று கடையில் மாற்றித் தருவார்கள். மாற்றிய பல்பும் இரண்டு நாளில் அதையே செய்யும். உறுதி செய்துகொள்ள, சோதிக்கும் நேரத்துக்கு மட்டும் அந்தச் சிவப்பு ஃப்யூஸை மறுபடி போட்டு, இரண்டு பல்பையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பல்போடு வலது பக்கம் போனால் பல்பு. இடது பக்கமே தங்கினால் ஒயர், அதிலும் பத்துக்கு எட்டு எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு.

எர்த் எங்கே அடித்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பம்பருக்குப் பின்னால் பெயிண்ட் பூசிய பிராக்கெட்டில் ஒரு தகரத் திருகை முடுக்கி அதற்கடியில் ஒயரைச் சுற்றியிருப்பார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. திருகின் மரை மட்டும்தான் இரும்பைத் தொடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீரும் சேறும் பட்டால் அங்கே துரு ஏறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அடிக்கடி போகிற வண்டி என்றால் உப்புக் காற்றில் ஒரே பருவத்தில் செம்பு பச்சைக் களிம்பாகிவிடும்.

இதை அளக்கும்போது பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போது ஹோல்டரில் மீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறது, ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது. மீட்டர் ஒன்றுமே இழுக்காது. ஒரே ஒரு மயிரிழைச் செம்பு மிச்சமிருந்தாலும் 12 காட்டும். சுமை இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். எல்இடி அந்தச் சுமைக்கு உதவாது; இழுப்பதே குறைவு. அதோடு உள்ளே இருக்கும் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் சர்க்யூட்), வோல்ட் இறங்கினாலும் ஒளியைக் குறைக்காமல் சமாளிக்கப் பார்க்கும், முடியாதபோது திடீரென மினுக்கும். ஹாலஜன் பல்பாக இருந்தால் மங்கி எரிந்து முன்கூட்டியே சொல்லியிருக்கும். அதனால் கழற்றிய பழைய ஹாலஜன் பல்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதை இடது பக்க ஹோல்டரில் மாட்டி எரியவிட்டு அளப்பதுதான் நேர்மையான சோதனை.

மீட்டரின் சிவப்பு முனையை மறுபடி வோல்ட் துளைக்கு மாற்றி, 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். என்ஜின் ஓடட்டும், பல்பு எரியட்டும். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில். இன்னொரு முனையை, ஹோல்டருக்குள் நெகட்டிவ் ஒயர் நுழையும் பின்பக்கமாக ஒரு குண்டூசியைச் செருகி அதில் வையுங்கள். 0.1 வோல்ட், அதிகம் போனால் 0.2 காட்டலாம். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் எர்த் கெட்டது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவ் தூணுக்கும் ஹோல்டரின் பாசிட்டிவ் ஒயருக்கும் நடுவே: அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒயர் தோலில் ஊசியைக் குத்தி அளக்க வேண்டாம். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறி, ஆறு மாதத்தில் ஒயர் உள்ளுக்குள் கருத்துப் பொடியாகும். பம்பருக்குப் பின்னால் மஞ்சள் உறை போட்ட ஒயரோ மஞ்சள் சாக்கெட்டோ தெரிந்தால் அது ஏர்பேக் சென்சாருடையது. மீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ அதன் அருகில் போகக் கூடாது.

பண்பலை இரைச்சலுக்குக் காரணம் வேறு. எல்இடி டிரைவர் மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுத்துத்தான் வேலை செய்கிறது. மலிவான டிரைவரில் அதை அடக்கும் வடிகட்டியை மிச்சம் பிடித்துவிடுவார்கள். அந்தக் குப்பை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை சிதறுகிறது. பக்கத்து நிலையத்தின் வலுவான அலை இதை மீறி வந்துவிடும்; தள்ளி இருக்கும் நிலையம் மூழ்கிவிடும். எந்தப் பல்பு என்று கண்டுபிடிக்க, ரேடியோவைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பக்கமாக ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டுமே இரைந்தால் பல்பின் குணமே அது. டிரைவர் டப்பாவுக்கு ஒட்டியபடி ஒரு கிளிப் ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் கறுப்பு வளையம்) மாட்டி, ஒயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனாலும் நிறையக் குறையும். இப்போது உங்கள் வண்டியில் பாசிட்டிவ் ஒரு வழி, எர்த் எங்கோ பிராக்கெட்டில் என்று பிரிந்து கிடப்பதால், நடுவிலுள்ள ஒயர் முழுதுமே ஆண்டெனாவாக வேலை செய்கிறது. கம்பெனி ஒயருக்கு மாறினாலே ஓரளவு அடங்கும். அடங்காவிட்டால் அந்தப் பல்போடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றுங்கள்.

இனி பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கடைக்காரர் கம்பெனி ஹோல்டரை வெட்டாமல் கட்டி ஓரமாகத் தொங்கவிட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹோல்டருக்குள் சேறும் களிம்பும் இருக்கிறதா பாருங்கள். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் சிறிது தடவி, எல்இடியை நேராக அதில் மாட்டுங்கள். எரியவில்லை என்றால் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கலாம். ஹாலஜனுக்குத் திசை கிடையாது, பல எல்இடிக்கு உண்டு. ஹோல்டரின் இரண்டு பின்னையும் இடம் மாற்றிப் போட வேண்டும்.

வெட்டியிருந்தால், அதே ரக ஹோல்டர் ஒயர் துண்டோடு கடையில் கிடைக்கும். ஒயரின் முனையைச் செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வெட்டி எடுங்கள். கருத்த செம்பில் ஜாயிண்ட் நிற்காது. பட் கனெக்டரை (இரண்டு ஒயர் முனைகளைச் சேர்க்கும் சிறு உலோகக் குழல்) கிரிம்ப் கருவியால் அழுத்தி, அதன் மேல் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கிச் சுருக்குங்கள். இரண்டு ஜாயிண்டையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைக்காமல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி விடாதீர்கள். சித்திரை வெயிலில் அதன் பசை வழிந்து டேப் பிரியும், ஐப்பசியில் அதே சுருளுக்குள் தண்ணீர் தேங்கும். காயிலுக்காகவோ சுவிட்சுக்காகவோ கம்பெனி ஒயரில் கடித்து மாட்டும் கிளிப் கனெக்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அது கடித்த இடத்தையும் இப்படியே செப்பனிட வேண்டும். அங்கே பாதி இழைகள் அறுந்திருக்கும்.

மாட்டியபின் சில வண்டிகளில் புதிதாக ஒரு தொல்லை வரலாம். பல்பு போய்விட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும், அல்லது இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் மினுக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் இழுப்பு குறைந்ததைப் பார்த்துப் பல்பு அறுந்ததாக எண்ணுகிறது, அல்லது மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகக் கொடுக்கிறது. இதற்கு 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். போட வேண்டாம். 14 வோல்ட்டில் அது ஒன்றே 2.3 ஆம்பியர் இழுத்து 33 வாட்டைச் சூடாக மாற்றும்; தொட்டால் கை பொத்துப்போகும். பம்பருக்குள் கூளத்துக்கு நடுவே அப்படி ஒரு பொருள் வேண்டவே வேண்டாம். அந்த வண்டிக்கென்று வரும் கேன்பஸ் டிகோடரை (பல்பு சரியாக இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டும் சின்ன டப்பா) ஒரு பக்கத்துக்கு வாங்கிப் போட்டுப் பார்த்து, சரிப்பட்டால் இரண்டு பக்கமும் போடுங்கள். சரிப்படாவிட்டால் நல்ல ஹாலஜனுக்கே திரும்புவது குறைவான முடிவு இல்லை.

ரிலே ஒயரிங்கே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நிற்பவர்களும், ஃபாக் லைட் இல்லாத வண்டிக்குப் புதிதாகப் போடுகிறவர்களும் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து ரிலே வரை 2.5 சதுர மில்லிமீட்டர், ரிலேயிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 1.5, வீட்டு ஒயர் அல்ல, என்ஜின் சூடு தாங்கும் வாகன ஒயர். ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. எல்இடிக்கு 10 ஆம்பியர், 55 வாட் ஹாலஜனுக்கு 15. ரிலேயில் 30-ஆம் எண் பின்னுக்கு ஃப்யூஸிலிருந்து, 87-லிருந்து விளக்குக்கு, 85 எர்த், 86-க்கு சுவிட்ச். ஐந்து பின் ரிலே என்றால் நடுவில் இருக்கும் 87ஏ-யில் எதையும் மாட்டக் கூடாது. மாட்டினால் சுவிட்சை அணைத்தால்தான் விளக்கு எரியும். ரிலேயைப் பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி உயரத்தில் பொருத்துங்கள், தண்ணீர் நிற்காது. சுவிட்சுக்கான மின்சாரம் பார்க்கிங் லைட் லைனிலிருந்து வரட்டும். பார்க்கிங் லைட்டை அணைத்தால் ரிலேயும் விட்டுவிடும். நான்கு நாள் சென்னை போனாலும் பேட்டரி இருக்கும். எர்த் ஒயர் இரண்டையும் பம்பரில் அடிக்காமல், பேட்டரி அருகே கம்பெனி கொடுத்திருக்கும் பாடி எர்த் போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். வளைய லக், நட்சத்திர வாஷர், அடியில் பெயிண்ட் சுரண்டிய இரும்பு, முடுக்கியபின் மேலே கிரீஸ். நெகட்டிவ் தூணிலேயே சிறிய சென்சார் டப்பா இருக்கும் வண்டியில் தூணில் நேராக மாட்டக் கூடாது. கம்ப்யூட்டரின் சார்ஜ் கணக்கு தப்பிவிடும்.

பிடுங்கும்போது ஷார்ட் ஆன இடத்தையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பக்கத்தில் ஓடும் கம்பெனி ஒயரும் அதே விளிம்பில் தேய்ந்திருக்கலாம். ஹாரன் பிராக்கெட், ரேடியேட்டர் தாங்கும் தகட்டின் கூர் விளிம்பு, பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டம், பேட்டரித் தட்டின் மூலை ஆகிய நான்கு இடங்களில்தான் அநேகமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஃப்யூஸ் துளையில் ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஒயரால் மாட்டுங்கள். இரண்டு விளக்கின் ஹோல்டரையும் கழற்றிவிட்டு, பேட்டரியை மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். பல்பு எரியக் கூடாது. ஒயரை அங்கங்கே பிடித்து அசைத்துக்கொண்டே வாருங்கள். பளிச்சென்று எரிகிற இடத்தில் உங்கள் கை இருக்கும். ஷார்ட் ஆனாலும் 2 ஆம்பியருக்குள்தான் ஓடும் என்பதால் எதுவும் கருகாது, ஃப்யூஸும் வீணாகாது. தோல் தேய்ந்ததாக இல்லாமல் கடித்துக் குதறியதாக இருந்தால் அது எலி. சம்பா அறுவடையானதும் வயல் எலிகள் மேட்டுக்கு ஏறும். சூடான என்ஜின் அவற்றுக்கு நல்ல இடம். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதை நிறுத்தினாலே பாதி குறையும்.

விளக்குக் கண்ணாடிக்குள் பனித்துளி தெரிந்தால் சிலிகான் வைத்து அடைத்துவிடாதீர்கள். ஹாலஜன் சூட்டில் உலர்ந்த ஈரம் எல்இடியில் உலராது, ஆகவே மார்கழியில் கொஞ்சம் வேர்ப்பது இயல்பு. பின்பக்கக் காற்றுத் துளை திறந்திருந்தால் போய்விடும்.

கடைசியாக, விளக்கின் பார்வை. ஹாலஜனுக்காகச் செய்த கூண்டில் எல்இடி போட்டால் ஒளி சிதறும். பல்பைச் சரியான கோணத்தில் பொருத்தாவிட்டால் இன்னும் மோசம். எல்இடி சில்லுகள் இடமும் வலமும் பார்த்தபடி இருக்க வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பைப் பாருங்கள். அது விளக்கின் நடு உயரத்தைவிட ஏழு எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். கூண்டின் பின்னால் அல்லது அடியில் ஒரு திருகு இருக்கும், அதில் திருத்தலாம். மேல் விளிம்பே தெரியாமல் சுவர் முழுக்கப் பரவினால் அந்தப் பல்பு உங்கள் கூண்டுக்கு ஒத்துவரவில்லை. பனியில் மேலே போகும் ஒளி திரும்பி உங்கள் கண்ணிலேயே விழும், வெள்ளையானாலும் மஞ்சளானாலும். எதிரே வருபவருக்கு அதைவிடக் கொடுமை. இரண்டு பக்கமும் வாய்க்கால் ஓடும் ரோட்டில், பால் கேன் கட்டிக்கொண்டு டிவிஎஸ்-50-ல் வருகிறவருக்குக் கண் கூசினால் அவர் ஒதுங்க இடம் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111-ஆம் விதி, முன்னால் ஸ்பாட் லைட் வைப்பதைத் தடுக்கிறது. மேல்நோக்கி அடிக்கிற ஃபாக் லைட் நடைமுறையில் அந்த வேலையைத்தான் செய்கிறது. பனி விலகியதும் அணைத்துவிடுங்கள்.

எர்த் பக்கத்து வோல்ட், பாசிட்டிவ் பக்கத்து வோல்ட், அரை மணி கழித்து வந்த கசிவு ஆம்பியர் ஆகிய மூன்று எண்களையும், பழைய பல்பில் எழுதியிருந்ததையும் குறித்து வையுங்கள். கம்பெனி ஒயரில் மாட்டிய பிறகும் இடது பக்கம் மட்டும் நிறம் மாறினால், அவற்றோடு மறுபடி எழுதுங்கள்.